மொதல்ல எனக்கு வெளங்கட்டும்

துரை ஜெர்மன் மொழியில் மூன்று நிமிடம் விடாமல் பேசி முடித்துவிட்டுச் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார். நாங்களும் அக்காவைப் பார்த்தோம். அக்கா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வட்டம், ஒரு சதுரம், அங்கிருந்து கிளம்பி ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி வட்டத்துக்கே வந்து சேரும் ஓர் அம்புக்குறி. வெளியே எண்ணூர் பக்கம் போகும் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

"இன்னாக்கா சொன்னாரு?" என்று முன்வரிசையிலிருந்து எத்திராஜ் கேட்டான்.

"எனக்கு வெளங்கல."

"ஒனக்கு வெளங்காட்டி இன்னா, அவுரு சொன்னத அப்டியே சொல்லு. நாங்க எய்திக்கிறோம்."

"எனக்கே வெளங்காதத ஒன் கைல குடுத்தா நீ அத்த வச்சிக்கினு இன்னாடா பண்ணுவ? கம்னு குந்து. மொதல்ல எனக்கு வெளங்கட்டும்."

பிறகு துரையின் பக்கம் திரும்பி ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். துரையின் காது மடல் இரண்டும் சிவந்தன. சாக்குக்கட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. மணலியிலும் எண்ணூரிலும் பெரிய பெரிய ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த ஆலைகளுக்குள் சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து, அளந்ததற்கு ஏற்பத் தாமாகவே வால்வைத் திறந்து மூடும் கருவிகள் வரப்போகின்றன என்றார்கள். கருவி வந்துவிடும், பழுதானால் பார்க்க ஆள் எங்கே என்ற கேள்வி வந்தது. அதற்காக இரண்டு நாட்டு அரசுகளும் சேர்ந்து திருவொற்றியூரில் ஒரு பயிற்சி மையம் தொடங்கின. இடமும் கட்டடமும் நம்முடையவை. கருவிகளும் வாத்தியாரும் மேற்கு ஜெர்மனியிலிருந்து. பையன்கள் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், காலடிப்பேட்டையிலிருந்து. நான் தண்டையார்பேட்டை.

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வந்து இறங்கிய வாத்தியாருக்கு, நாங்கள் துரை என்று கூப்பிட்ட அந்த வெள்ளைக்காரருக்கு, ஆங்கிலம் சரியாக வராது. அவருடைய ஆங்கிலம் ஓர் இடத்தில் உடைந்திருந்தது, எங்களுடையது வேறோர் இடத்தில். இரண்டையும் சேர்த்து வைத்தாலும் ஒரு முழு வாக்கியம் தேறவில்லை. முதல் வாரம் எத்திராஜ் மின் இணைப்பைத் துண்டிக்காமல் ஒரு பெட்டிக்குள் கையை விடப் போனான். துரை மூலையிலிருந்து "நைன், நைன்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஜெர்மன் மொழியில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள் என்பது எத்திராஜுக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் தன்னை இத்தனை பாசமாகக் கூப்பிடுகிறாரே என்று கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டபடியே சிரித்தான். "சொல்லு நைனா" என்றான். துரை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான்.

அன்று மாலையே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மைய இயக்குநர் நாலு இடத்தில் சொல்லி வைத்தார். ஜெர்மன் தெரிந்தவர் என்று யாரும் வரவில்லை. கடைசியில் ராயபுரத்துப் பங்குச் சாமியார் ஒரு பெண்ணை அனுப்பினார். நாற்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை, கழுத்தில் மெல்லிய செயினில் சிலுவை. அவர்தான் அக்கா. துறைமுகத்தில் கப்பல் கம்பெனி அதிகாரியாக இருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊர் திரும்பியபோது, தன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை ஆறேழு வருஷம் அங்கேயே இருந்துவிட்டு அக்கா திரும்பி வந்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை என்று சிலர் சொன்னார்கள். ஆகி, போதும் என்று விட்டுவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அவரிடமே கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வீட்டில் ஐயாவும் அம்மாவும் அவரிடம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார்கள். ஜெர்மன் பேசியது குழந்தைகள் மட்டும். ஆகவே அக்காவுக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுடைய ஜெர்மன். பால், சோப்பு, சட்டை, ஊஞ்சல், காய்ச்சல், தூங்கு, துப்பு, தொடாதே. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அவர் தானியங்கிக் கருவிகளின் தொழில்நுட்பத்தை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அந்த மொழியிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டாம். அக்காவிடம் இருந்தது 'நீ' மட்டும்தான். ஐம்பது வயது தாண்டிய, கழுத்துப் பட்டனைக்கூடச் சென்னை வெயிலில் கழற்றாத அந்தப் பொறியாளரை முதல் நாளே வாசலில் நிறுத்தி அவர் சொன்ன முதல் வாக்கியம், 'கையைக் காட்டு, கழுவினாயா?' என்பதுதானாம். துரை தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிவிட்டார். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போய் உடைந்த ஆங்கிலத்தில் முறையிட்டார். 'என் தாயார் போனதற்குப் பிறகு என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை' என்றாராம். அது புகாரா இல்லையா என்று இயக்குநருக்குத் தெரியவில்லை. வேறு ஆளும் கிடைக்கவில்லை. அக்கா நிலைத்துவிட்டார்.

கரும்பலகைப் படத்துக்கு வருகிறேன். அந்த ஒரு படத்தைத் தாண்டி வகுப்பு மூன்று நாள் நகரவில்லை. துரை எத்தனை விதமாகச் சொன்னாலும் அக்கா தலையை ஆட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "இன்னும் வெளங்கல, இருங்க" என்பார். எங்களுக்குப் பொழுது போகவில்லை. இத்தனைக்கும் அக்கா அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போயிருந்தால் அவரை யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. நாங்களும் ஒப்பித்துவிட்டுப் போயிருப்போம்.

நாலாம் நாள் காலை துரை ஒரு பெரிய இரும்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். பின்னால் காவலாளி இரண்டு வாளி, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத்தண்ணீர். துரை கழுத்துப் பட்டனைக் கழற்றினார். அன்றுதான் முதல்முறை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டார். பெரிய வாளியில் வெந்நீரை ஊற்றி, தன் முழங்கையை அதில் வைத்தார். "ஹைஸ்" என்று முகத்தைச் சுளித்தார். பச்சைத்தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, மறுபடி முழங்கையை வைத்தார். மறுபடி கொஞ்சம். பிறகு ஒரு நீளமான துணியைச் சுருட்டிக் குழந்தைபோல ஏந்தி, வாளிக்குள் மெதுவாக இறக்கினார். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் வாத்தியார்க்களை சுத்தமாக இல்லை.

அக்கா எழுந்தார். "அடப் பாவி மனுசா. இத்த மொதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா" என்று தமிழிலேயே துரையிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், எல்லாரும் கேட்டுக்கங்க. கொயந்தைய குளிப்பாட்டணும். தண்ணி எத்தினி சூடு இருக்கணும்னு அம்மாவுக்குத் தெரியும். ஆனா தண்ணி இப்ப எப்டிக் கீதுன்னு அம்மாவுக்கு எப்டித் தெரியும்? மொழங்கை சொல்லும். சூடுன்னு மொழங்கை சொன்னா அம்மா பச்சத்தண்ணி ஊத்துவா. சில்லுன்னு சொன்னா வெந்நீ. ஊத்திட்டு மறுபடி மொழங்கைய வப்பா. மறுபடி ஊத்துவா. கொயந்த குளிச்சி முடிக்கிற வரைக்கும் இதான். அந்த அம்புக்குறி இன்னாத்துக்கு சுத்தி சுத்தி வருதுன்னா இதுக்குத்தான். இவுரு அந்த அம்மா இல்லாமயே குளிப்பாட்டறதுக்கு ஒரு பொட்டி வச்சிகினு கீறாராம். அத்த ரிப்பேர் பண்ணத்தான் நீங்க கத்துக்கறீங்க. வெளங்கிச்சா?"

விளங்கியது. எங்களில் எட்டாவதோடு நிறுத்திவிட்டு வந்தவனுக்கும் விளங்கியது. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் வெப்பத்தை உணரும் கம்பிக்கு முழங்கை என்று பெயர். கட்டுப்படுத்தும் பெட்டி அம்மா. வால்வு, கை. பின்னாளில் மணலியில் நாங்கள் வேலை பார்த்த ஆலையில், வடக்கிலிருந்து வந்த மேலாளர் ஒருவர், "இந்த ஊர்க்காரர்கள் ஏன் தொலைபேசியில் 'அம்மா நல்லாத்தான் கீறா, மொழங்கைதான் பூட்ச்சி' என்கிறார்கள்" என்று எழுத்து மூலமாகவே விளக்கம் கேட்டார்.

விளங்காமல் எதையும் வாயில் எடுக்காத அக்காவின் இந்தக் குணம் வேலைக்கென்று வைத்துக்கொண்டது இல்லை. கோயிலிலும் அப்படித்தான். அப்போதுதான் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. அதற்கு முந்தைய பல வருஷம் அக்கா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாரும் ஆமென் சொல்லும்போது வாயை இறுக மூடிக்கொள்வார். சாமியார் ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "சாமி, நீங்க ஆண்டவர் கிட்ட இன்னா கேட்டீங்கன்னே எனக்குத் தெர்ல. அதுக்கு நான் ஆமென்னு எப்டிச் சொல்றது? நாளைக்கு அவுரு குடுத்துட்டாருன்னா?" என்றாராம். தமிழ்ப் பூசை வந்ததும் முதல் வாரம் அவர் சொன்ன ஆமென் வாசல் வரை கேட்டது என்று ராயபுரத்துப் பையன்கள் சொன்னார்கள். ரோமாபுரியில் உலகத்து ஆயர்கள் எல்லாரும் கூடி எடுத்த முடிவு அது. ஆனாலும் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் மாற்றினார்கள் என்று அக்கா கடைசிவரை நம்பினார்.

அவரை எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் அதிகம். பாடத்திட்டம் முழுவதையும் முடித்த பிறகு, முதல் அணியில் சிலரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே போட ஒரு கம்பளிச் சட்டையைக்கூட மூர்மார்க்கெட்டில் பார்த்து வைத்திருந்தேன். அக்கா இந்த வேகத்தில் போனால் நான் கிழவனான பிறகுதான் விமானம் ஏறுவேன் என்று தோன்றியது. அந்த எரிச்சலை மறைக்காமல் ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"ஏங்க்கா, நீ மெதுவா போறதால எங்க பொயப்பு கெடுது இல்ல?"

"நீ ஜெர்மனி போயி இன்னா பண்ணப்போற?"

"படிக்கப் போறேன்."

"அங்க ஒனக்கு வெளங்காட்டி யாராண்ட கேப்ப? இங்க நான் கீறேன், கேக்கறேன். கம்னு இரு."

இயக்குநருக்கும் கவலை வந்துவிட்டது. இரண்டு அரசுகளும் சேர்ந்து நடத்தும் மையம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. பாடத்தில் கால்வாசிதான் முடிந்திருந்தது. நகரத்தில் ஒரு மொழிப்பள்ளியில் ஜெர்மன் படித்துத் தேறிய பட்டதாரி ஒருவரை அவர் அவசரமாகக் கொண்டுவந்தார். அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. கருவிகளுக்குத் தூசி தட்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா தூசி தட்டிவிட்டு, வகுப்பில் கடைசி பெஞ்சில் குடையோடு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பட்டதாரி நல்ல மனிதர். தமிழ்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். துரை ஒரு வாக்கியம் முடிக்கும் முன்பே அவர் தமிழில் பாதி வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். அழுத்தமானி, வெப்ப இரட்டை, பின்னூட்டம், புறவழி என்று சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருக்கும். துரைக்கு நிம்மதி. இயக்குநருக்கு நிம்மதி. ஒரே மாதத்தில் பாதிப் பாடத்தைத் தாண்டிவிட்டோம். நான் மூர்மார்க்கெட்டுக்குப் போய்க் கம்பளிச் சட்டையை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

கூடத்தின் பின்புறம் பயிற்சிக்காக ஒரு சிறிய நீராவிக் கொதிகலன் இருந்தது. அதிலிருந்து போகும் குழாயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்திப் பார்க்கும் நாள். எத்திராஜும் நானும், கருவிக்குள் போகாமல் நீராவியைச் சுற்றி விடும் புறவழிக் குழாயின் வால்வுப் பக்கத்தில் நின்றோம். துரை சற்றுத் தள்ளி நின்று அளவுமானியைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். பட்டதாரி கணீரென்று தமிழில் சொன்னார்.

"அழுத்தம் தணியும்வரை புறவழியைத் திறவற்க."

எத்திராஜ் திறந்துவிட்டான்.

நீராவி சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கூடம் முழுக்க வெள்ளை. எனக்கு என் கையே தெரியவில்லை. யாரோ யார்மேலோ மோதினார்கள். பட்டதாரியின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, அவர் சுவரைத் தடவிக்கொண்டே போய் அலமாரிக்குள் நுழைந்துவிட்டார். அந்த வெள்ளைக்குள் அக்காவின் குரல் மட்டும் ஜெர்மனில் கேட்டது. குழந்தை அடுப்பில் கை வைக்கும்போது அதட்டுகிற அதட்டல். துரை அந்தக் குரல் சொன்னபடி குனிந்து, தவழ்ந்து போய், அடியிலிருந்த முதன்மை வால்வை மூடினார். வெள்ளை கலைந்தபோது எத்திராஜின் முன்கை சிவந்து கொப்பளம் கண்டிருந்தது. அக்கா அவன் கையை வாளித் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கும்.

மறுநாள் விசாரணை. எத்திராஜை மையத்திலிருந்து நீக்குவது என்று இயக்குநர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். அவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். குழு வரப்போகிறது, ஒரு விபத்து நடந்திருக்கிறது, அதற்கு ஒரு காரணத்தை அவர் காட்டியாக வேண்டும். எத்திராஜ் கட்டுப்போட்ட கையோடு சுவர் ஓரம் நின்றான். வியாசர்பாடியில் அவன் தெருவில் இப்படி ஒரு பயிற்சிக்குத் தேர்வான முதல் பையன் அவன். அவன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் தெருவையே பேஜார் பண்ணியிருந்தாள். பக்கத்தில் நின்றவன் என்பதால் நான் சாட்சி. பட்டதாரியும் சம்பவத்தில் ஒரு தரப்பு என்பதால், துரையோடு பேச அக்காவை அழைத்திருந்தார்கள்.

"பயிற்சியாளரின் கட்டளையை இவன் மீறியிருக்கிறான்," என்றார் இயக்குநர். "நீக்குவதில் அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள்."

"எனக்கு வெளங்கல சார்" என்றார் அக்கா.

"இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?"

"மீறுனான்னு சொல்றீங்க. கட்டள இவனாண்ட வந்து சேந்தாத்தானே மீறுவான். வந்து சேந்துச்சா?"

"இவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். திறவற்க என்று" எனப் பட்டதாரியைக் காட்டினார் இயக்குநர்.

"திறவற்கன்னா இன்னா சார்?"

"திறக்காதே என்று அர்த்தம்."

"வூட்ல அம்மாவாண்ட ஜன்னலைத் திறவற்கன்னு சொல்லுவீங்களா?"

இயக்குநர் பேனாவை மூடினார். "சொல்லமாட்டேன்" என்றார்.

"ஏன் சார்?"

"சொன்னால் திறந்துவிடுவாள்."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. எத்திராஜ் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். பட்டதாரி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எத்திராஜ், உங்கள் கைக்கு நான்தான் காரணம்" என்றார்.

அக்கா நடந்ததையெல்லாம் துரைக்குத் தன் குழந்தை ஜெர்மனில் எடுத்துச் சொன்னார். துரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாதமாகத் தான் எங்கள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து எத்திராஜின் முன்னால் போய் நின்றார். அக்காவுக்குப் புரிகிற மொழியில்தான் சொல்ல வேண்டும். அந்த மொழியில் மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேன், இனிமே பண்ணமாட்டேங்கிறாரு" என்றார் அக்கா. "போ, கை குடு."

எத்திராஜ் நல்ல கையைக் கொடுத்தான்.

அடுத்த நாளிலிருந்து பட்டதாரியும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். துரை சொல்வதைப் பட்டதாரி அக்காவுக்குச் சொல்வார். அக்கா அவரைக் கேள்வி கேட்பார். அவருக்குத் தெரியாவிட்டால் துரையைக் கேட்பார். பிறகு எங்களுக்கு வரும். பாடம் பழையபடி ஆமையாக ஊர்ந்தது. தாண்டிவந்த பாதியில் பெரும்பகுதியை மறுபடி படித்தோம். நான் மூர்மார்க்கெட் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஜெர்மன் குழு வந்தது. காகிதக் கொடி கட்டி, மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். குழுவின் தலைவர் உயரமானவர், வெள்ளைத் தலை. காலையில் கூடத்துக்கு வந்து ஒரு கருவியில் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கிவிட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். எத்திராஜ் கண்டுபிடித்தான். அடுத்ததில் ஒன்று செய்தார். அது நாங்கள் இன்னும் தொடாத பாடம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னோம். அவர் புருவத்தை உயர்த்தி ஏதோ குறித்துக்கொண்டார். இயக்குநருக்கு வியர்த்தது.

மாலையில் அவர் மேடையில் பேசினார். பட்டதாரிதான் மொழிபெயர்த்தார். இரு நாட்டு நல்லுறவு, மனித ஆற்றல், கூட்டு முயற்சி, வருங்காலம் என்று அழகாக வந்துகொண்டிருந்தது. நடுவில் பட்டதாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். அவர் என்ன நினைத்தாரோ, மைக்கைக் கையில் எடுத்து, மேடை ஓரத்தில் இருந்த அக்காவிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்கள் அக்கா" என்றார்.

அக்கா அதை வாங்கி, "எனக்கு வெளங்கல" என்றார். திருவொற்றியூர் தேரடி வரை கேட்டிருக்கும்.

பிறகு தலைவரைப் பார்த்து ஜெர்மனில் கேட்டார். என்ன கேட்டார் என்பதைப் பட்டதாரி எங்களுக்குப் பிற்பாடு சொன்னார்: 'நீ சொல்றது எனக்குப் புரியலை. நீ எங்களுக்கு என்ன தர்றே? நாங்க உனக்கு என்ன தரணும்? சின்னச் சின்னதா சொல்லு.' தலைவர் திகைத்துத் துரையின் பக்கம் திரும்பினார். துரை தன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி, 'பதில் சொல்லிவிடுங்கள், வேறு வழி இல்லை' என்றாராம்.

வெள்ளைத் தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்தார். குட்டி குட்டி வாக்கியங்களாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"இப்ப வெளங்குது. கேட்டுக்கங்க. இவங்க ஊர்ல மிஷின் செய்றாங்க. அத்த நம்மகிட்ட விக்கிறாங்க. இங்க வந்து ரிப்பேர் ஆனா பாக்க ஆள் இல்லன்னா, யாரும் வாங்கமாட்டாங்க. அதுக்குத்தான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க. ஒங்களுக்கு வேல கெடைக்கும், இவங்களுக்கு மிஷின் போணியாவும். ரெண்டு பேருக்கும் நல்லது. இதான் கூட்டு முயற்சியாம்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எங்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அதுவரை ஏதோ தருமம் வாங்குகிற மாதிரி ஒரு கூச்சம் எங்களுக்கு இருந்தது. அது போய்விட்டது. எத்திராஜ் எழுந்து நின்றான்.

"அப்ப மிஷின் செய்றதுக்கு எப்ப சொல்லிக் குடுப்பாங்கன்னு கேளுக்கா."

அக்கா கேட்டார். தலைவர் நீளமாகப் பதில் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு மறுபடி கேட்டார். அவர் இன்னும் நீளமாகச் சொன்னார். மூன்றாம் தடவையும் அக்கா விடவில்லை. மனிதர் இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"தெரியலையாம்" என்றார் அக்கா.

அன்று முழுவதும் மேடையில் பேசியவற்றில் அதிகமாகக் கைதட்டல் வாங்கியது அதுதான். தலைவரும் சேர்ந்து தட்டினார்.

பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பது என்று குழு முடிவு செய்தது. பாதிப் பாடம்தான் முடிந்திருக்கிறது, ஆனால் முடிந்த பாதி உள்ளே போயிருக்கிறது என்று தலைவர் இயக்குநரிடம் சொன்னாராம். நீட்டிப்பு முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் ஜெர்மனிப் பயணத் திட்டம் அடுத்த அணிக்குப் போய்விட்டது. எத்திராஜ் எண்ணூர் மின்நிலையத்தில் சேர்ந்தான். நான் மணலியில். விமானத்தில் நான் ஏறவே இல்லை. அக்காவால்தான் போகவில்லை என்று என் மனைவியிடம் இன்றும் சொல்வேன். இத்தனை வருஷ வேலையில் என் கையால் ஒரு விபத்தும் நடக்கவில்லை. அதற்கு யார் காரணம் என்று அவள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

துரையின் ஒப்பந்தம் முடிந்து அவர் கிளம்பிய நாளன்று நாங்கள் எல்லாரும் மைய வாசலில் கூடினோம். கார் காத்திருந்தது. துரை ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அதற்குள் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தார். எல்லாம் அக்கா எங்களிடம் பேசுவதைக் கேட்டுப் பிடித்த தமிழ். இயக்குநரைத் தோளில் தட்டி, "கம்னு குந்து" என்றார். விடைபெறும்போது சொல்கிற வார்த்தை அது என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இயக்குநர் நன்றி என்றார்.

கடைசியாக அக்காவிடம் வந்தார். கை கொடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். வகுப்பில் பேசுவதுபோல வேகமாக இல்லை. நிறுத்தி நிறுத்தி, வார்த்தை தேடித் தேடிப் பேசினார். அக்கா குடையை இரண்டு கைகளாலும் ஊன்றிக்கொண்டு கேட்டார். ஓர் இடத்தில்கூடக் குறுக்கே கேள்வி கேட்கவில்லை. பேசி முடித்ததும் துரை காரில் ஏறினார். கார் போய்விட்டது.

"இன்னாக்கா சொன்னாரு?" என்றான் எத்திராஜ்.

"அது ஒங்களுக்கு இல்ல" என்றார் அக்கா.

பாரிமுனை போகும் பஸ் வந்து நின்றது. அக்கா ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வெயில் படும் பக்கம் என்பதையும் கவனிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனார்.

எத்திராஜுக்கு மனசு கேட்கவில்லை. பட்டதாரியைப் பிடித்துக்கொண்டான். "நீங்கதான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தீங்களே சார், இன்னா சொன்னாரு?"

பட்டதாரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். லாரிச் சத்தத்தில் தனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை என்றார். அப்போது சாலையில் ஒரு லாரியும் போகவில்லை.